ஏழு எண்ணும் வரை

ஜனவரி 8

தம்பிக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, அது அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே பழைய கதைக்குப் போய்விடுவோம். அதனால்தான் கடிதம். எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும்.

எங்கள் தையல் கூடத்தில் நான் இன்னும் அதே துணி வெட்டும் மெஷினில்தான் இருக்கிறேன். ஒரே நேரத்தில் நாற்பது மடிப்புச் சீருடைத் துணி வெட்டுகிறேன். இந்த வருடம் கூடங்களுக்கு இடையே பௌலிங் போட்டி வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் இல்லை, உன்னுடைய பௌலிங்தான். மூன்று விரலைத் துளையில் விட்டுக் கனமான பந்தை உருட்டி, அந்தக் கோடியில் நிற்கும் பத்துப் பின்களையும் சாய்ப்பது. எங்கள் அணியில் மேனேஜர், இஸ்திரிக்காரர், பேக்கிங் பெண் மூன்று பேர். நான்காவது ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். உனக்கு அக்காவாகப் பிறந்த பாவம், எனக்கும் அது வரும் என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்குப் பந்து கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு விரலும் வந்துவிடுகின்றன, கட்டைவிரல் மட்டும் உள்ளேயே நிற்கிறது. சனிக்கிழமை பந்து என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கோட்டைத் தாண்டி, பந்து ஓட எண்ணெய் பூசியிருக்கும் பலகையில் முழங்கால் குத்தி விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு நொடி, விடு விடு என்று நான் சொல்ல, கை கேட்காமல் இருந்ததே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து பந்தை எடுக்கப் போனாலே கட்டைவிரலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பத்து வருடம் சொல்லிக் கொடுத்தாய். எனக்கும் சொல். பந்தை எப்படி விடுவது?

அக்கா

உன் மருமகள் குட்டிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 14

அக்கா,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பௌலிங் என்று படித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. பந்தை நீ எறிய வேண்டாம், விடவும் வேண்டாம். அது தானாகப் போகும், நீ வழியில் நிற்காமல் இருந்தால் போதும். கையை இறுக்காமல் கிணற்றுக் கயிறு மாதிரி தொங்கவிடு. பின்னால் போய்த் திரும்பி வரும்போது பந்தின் எடையே கையைக் கொண்டுவரும். உள்ளங்கை, யாருக்கோ கைகொடுக்கப் போகிற மாதிரி பக்கவாட்டில் இருக்கட்டும். கை கணுக்காலைத் தாண்டும் இடத்தில் கட்டைவிரல் முதலில் வெளியே வரும், அதற்கப்புறம் மற்ற இரண்டு விரலும். கட்டைவிரலைத் துளைக்குள் நேராக வை, மடக்கிப் பிடிக்காதே. பந்து போன பிறகும் கை மேலே போய் உன் காதுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மணிக்கட்டைத் திருப்பிச் சுழல விடுவதெல்லாம் இப்போது வேண்டாம். நேராக உருட்டு.

வேறு சில விஷயம் கேட்கிறேன், சும்மாதான். குளிர் நாளில் கை அதிகமாகச் சிக்குகிறதா? கதவுப் பிடியைத் திருப்பிய பிறகு கையை எடுக்க நேரமாகிறதா? கண்ணை இறுக்க மூடித் திறந்தால் இமை உடனே திறக்கிறதா? காலையில் பல் விளக்கி முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துப் பார். கை விடுவதற்குள் ஏழு வரை எண்ண வேண்டியிருக்கிறதா?

மறக்காமல் பதில் எழுது.

தம்பி

ஜனவரி 20

தம்பிக்கு,

ஏன்டா டைப் அடித்து அனுப்புகிறாய், ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி? கீழே கையெழுத்துகூட இல்லை. உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கும். அக்காவுக்கு எழுதுவதற்குக்கூடப் பேனா எடுக்க மனசில்லை, போகட்டும்.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். முதல் ஐந்தாறு பந்து நன்றாகப் போனது. ஒரு தடவை எட்டுப் பின் விழுந்தது. இஸ்திரிக்காரர், "என்னம்மா, ராத்திரியோட ராத்திரியா யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார். அதற்கப்புறம்தான் பழையபடி சிக்க ஆரம்பித்தது. போகப் போக மோசம். பத்தாவது பந்து கட்டைவிரலோடு மேலே வந்து எனக்குப் பின்னால் டொம்மென்று விழுந்தது. பேக்கிங் பெண்ணின் காலில் விழ வேண்டியது. அன்றிலிருந்து அவள் என் பின்னால் நிற்பதே இல்லை.

உன் கேள்விகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன. இருந்தாலும் பார்த்தேன். கதவில் ஒன்றும் இல்லை. கண் திறக்கிறது. குளிர்ந்த காலையில் மெஷினை அணைத்த பிறகும் கை கொஞ்ச நேரம் கைப்பிடியிலேயே இருக்கிறது, அது நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். பிரஷ்ஷைக் கீழே வைத்து எண்ணினேன். மூன்று வரை போனது. எண்ணிக்கொண்டிருந்ததால் விடவில்லையா, விட முடியாததால் எண்ணினேனா, எனக்கே தெரியவில்லை.

இதெல்லாம் பௌலிங்குக்கு எதற்கு?

அக்கா

ஜனவரி 25

அக்கா,

போட்டியை விட்டுவிடு. இனிமேல் பந்தைத் தொடாதே. இந்த வாரமே நரம்பு டாக்டரைப் பார். அவர் ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை வெட்டும் மெஷினில் நிற்காதே. ஏதாவது காரணம் சொல்லி வேறு வேலை கேள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பாவின் கையை நினைத்துப் பார். டாக்டரிடம் அதைச் சொல்ல மறக்காதே. அது பழக்கம் இல்லை, இறுகின சதை உடனே தளராத ஒரு வியாதி. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது, வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

நல்ல கடிதம் எழுதினாய். பந்தை எப்படி விடுவது என்று கேட்டேன், நீ என் வயிற்றில் புளியைக் கரைத்து அனுப்பிவிட்டாய்.

அப்பாவின் கையை நினைக்காமல் இருக்க முடியுமா? பள்ளிக்கூட வேனின் கியர்க் குமிழியில் இருந்து கையை எடுக்க அவருக்கு நேரமாகும். நாம் பின் சீட்டில் உட்கார்ந்து கிண்டல் செய்வோம். யாருக்காவது கைகொடுத்தால் உடனே விட மாட்டார். அந்த ஆளும் பாதி நெளிந்தபடி சிரித்துக்கொண்டே நிற்பார். "உங்கப்பா மாதிரி பாசக்காரர் கிடையாது, புடிச்ச கையை விடவே மாட்டார்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

நாற்பத்தொன்பது வயதில், வேனை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். அதுவும் இதனால்தானா? எனக்கு நேராகச் சொல்.

டாக்டரிடம் போனேன். கட்டைவிரலின் கீழே இருக்கும் சதையில் சின்னச் சுத்தியலால் தட்டினார். தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு யாருடைய கையோ என்ற மாதிரி. பிறகு சதைக்குள் ஊசி விட்டு ஒரு மெஷினில் சத்தம் கேட்டார்கள். ரத்தமும் எடுத்தார்கள். "நீங்க ரொம்ப பயந்துபோய் கையை இறுக்கிக்கிறீங்க, ஊசியை மட்டும் வச்சு சொல்ல முடியல. ரத்த ரிப்போர்ட் வரட்டும்" என்றார். வருவதற்கு இரண்டு வாரமாகும்.

மேனேஜரிடம் தோள்பட்டை வலி என்று பொய் சொல்லி, துணியில் கோடு போடும் மேசைக்கு மாறிவிட்டேன். உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

என்னைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. நேற்று குட்டி பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி இறங்கவே இல்லை. "விடு, விடு" என்று கத்திவிட்டேன். அவள் இன்னும் ஒரு தடவை ஆடத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய் அழுதாள். தண்ணீர் பாட்டிலைத் திறப்பதை, பென்சிலைக் கீழே வைப்பதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பென்சிலை வைத்தால் மனதுக்குள் எண்ணுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளை பென்சிலைக் கீழே வைப்பதை ஒரு தாய் எண்ணலாமா?

அவள் பிறந்தபோது வாசலிலேயே நின்றாயே, நினைவிருக்கிறதா? தூக்குடா என்று நீட்டினேன். "வேணாம்க்கா, கை சில்லுன்னு இருக்கு" என்று பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டாய். அடுத்த மாதமே வேறு ஊருக்கு வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டாய். உன் கையால் அவளுக்கு எதுவும் வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். இப்போது உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை. என் நேரம்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

பயப்படாதே என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

அப்பாவின் இதயத்தைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், அதனாலும் இருக்கலாம். இது கையோடு நிற்பதில்லை. ஆனால் அப்பாவை யாரும் பரிசோதிக்கவே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை இதயத்தைப் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் இருக்கிறது என்றே வந்தாலும் அது முடிவு இல்லை.

அதுவரைக்கும் சொல்கிறேன். காலையில் எதையும் பிடிப்பதற்கு முன்னால் வெந்நீரில் கையை வை. பத்துத் தடவை மூடித் திற. முதல் இரண்டு தடவைதான் கஷ்டம், போகப் போக இளகிவிடும். சிக்கிக்கொண்டால் இழுக்காதே, இழுத்தால் இன்னும் இறுகும். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு நில். கடைகளில் தள்ளித் திறக்கும் கதவாகப் பார்த்துப் போ. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு இறங்கு. யாராவது கைகொடுக்க வந்தால் இரண்டு கையிலும் ஏதாவது வைத்துக்கொள்.

குட்டியை எண்ணாதே. அவளுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

ரிப்போர்ட் வந்த அன்றே எழுது. நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

எனக்கு இல்லை.

அதை முதலில் எழுதிவிட்டேன். ரத்தத்தில் இல்லவே இல்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு இல்லாததால் குட்டிக்கும் என்னிடமிருந்து வராது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தானுக்குப் போன் செய்து அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அரை மணி நேரம் திட்டினார். திட்டு கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

அப்படியானால் பந்து ஏன் சிக்கியது என்று கேட்பாய். பௌலிங் கூடத்தில் பந்துக்குத் துளை போடும் ஒரு பெண் இருக்கிறார். அவரிடம் பந்தையும் கையையும் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது சின்னப் பிள்ளைங்க பந்து. எடை கம்மின்னு எடுத்துக்கிட்டீங்களா? துளையும் சின்னதாத்தானே இருக்கும். ஆடஆட விரல் வீங்கும், அப்புறம் எப்படி வரும்? அது போதாதுன்னு விரலை உள்ளே மடக்கிப் பிடிக்கிறீங்க. என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: ஸ்விட்சை அணைத்தாலும், கத்தி முழுக்க நிற்கும்வரை கைப்பிடியை விடாதே. பதினெட்டு வருடமாக நான் எதையும் உடனே விட்டதில்லை. காலையில் மெஷினில் கை நின்றதும் அதனால்தான். வேறு பந்து கொடுத்தார். முப்பது தடவை உருட்டினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, சந்தோஷமாகத் தூங்கினேன். இன்று காலை பல் விளக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் பிரஷ்ஷை வைத்து எண்ணப் போனேன். ஒன்று என்று சொல்வதற்குள் கை விட்டுவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. ஏழு என்று ஏன் கேட்டாய்?

அஞ்சு என்று கேட்டிருக்கலாம், பத்து என்று கேட்டிருக்கலாம். ஏழு. அப்பா எண்ணியதில்லை, நாமும் அவரை எண்ணியதில்லை. எந்தப் புத்தகத்தில் பல் விளக்கும் பிரஷ்ஷைப் பற்றி எழுதியிருக்கிறது? உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். வெந்நீர், தள்ளித் திறக்கும் கதவு, இரண்டு கையிலும் ஏதாவது வைத்துக்கொள். நான் என் பயத்தில் அதையெல்லாம் எனக்கு எழுதியதாகப் படித்திருக்கிறேன். டைப் அடித்த கடிதத்துக்கு நான் கோபித்துக்கொண்டேன்.

நீ வேலை பார்க்கும் பௌலிங் கூடத்துக்குப் போன் செய்தேன். பயிற்சி கொடுக்கிறாரே, அவர் என்று கேட்டேன். "அவரா? அவர் இங்க வந்ததிலிருந்து பந்தைத் தொட்டதே இல்லையே. பின்னாடி பின் அடுக்குற மெஷினைப் பார்த்துக்கிறார்" என்றார்கள்.

எனக்கு இல்லை என்றதும் குதித்தேனே, அந்த நேரத்தில் நீ தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். இதற்கு மேல் எழுத வரவில்லை. உன் கேள்விகளை உனக்கே திருப்பிக் கேட்கிறேன். பதில் பேனாவில் எழுது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா

மார்ச் 1

அக்கா,

இந்தப் பக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாளானது. ஒரு வரி எழுதினால் பேனாவை விட நேரமாகிறது, அதற்குள் எழுத வந்தது மறந்துவிடுகிறது. கோணலுக்கு மன்னித்துக்கொள்.

ஆறு வருடமாக இருக்கிறது. குட்டி பிறப்பதற்குச் சில மாதம் முன்னால், குளிர்காலத்தில் ஒரு காலை. முதல் பந்து, கட்டைவிரல் வரவில்லை. துளை சரியில்லை என்று நினைத்து இன்னும் அகலமாகப் போட்டேன். மூன்று தடவை அகலப்படுத்தினேன். கடைசியில் பந்து தளர்ந்து ஆடியது, கை மட்டும் இறுகியே இருந்தது. அன்றைக்கே அப்பாவின் கியர்க் குமிழி நினைவுக்கு வந்துவிட்டது. டாக்டர் ஒரே பார்வையில் சொன்னார். இதயத்தை வருடா வருடம் பார்க்கச் சொன்னார். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. போனால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். படுத்தால் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன், ஒவ்வொரு நாளும். ஒரு துடிப்பு தாமதமானால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் அன்றிலிருந்து நீ உன் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். வயிற்றில் பிள்ளையோடு இருந்தாய். எப்படிச் சொல்வது? பிறகு ஐந்து வருடம் ஓடிவிட்டது. உன் முதல் கடிதத்தில் கட்டைவிரல் மட்டும் உள்ளேயே நிற்கிறது என்று படித்தபோது, என்னிடமிருந்து உனக்குத் தொற்றிவிட்ட மாதிரி நடுங்கினேன்.

பத்து வருடம் துளை போட்டவன் நான். முதல் ஐந்தாறு பந்து நன்றாகப் போனது, போகப் போக மோசம் என்று நீயே எழுதியிருந்தாய். எனக்கு முதல் பந்துதான் சிக்கும், போகப் போக இளகும். நேர் எதிர். அந்த ஒரு வரியிலேயே துளை சின்னது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டைவிரலை அளந்து அனுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் இந்த ஒரு மாதமும் நடந்திருக்காது. பயத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உன்னையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

குட்டி விஷயம். அவளைக் கீழே போட்டுவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. பிறந்த பிள்ளை விரல் அது, அக்கா. நான் பிடித்த பிறகு அவள் வீறிட்டு அழுதாலும் என் கை விடாதே என்றுதான் பயந்தேன். அதனால்தான் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நான் யாருக்கும் கைகொடுத்ததில்லை.

உனக்கு இல்லை என்று படித்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அதை நம்பு.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான்தான் சத்தமாகப் படித்தார், என்னால் முடியவில்லை. பாதியில் அவராலும் முடியவில்லை.

புதன்கிழமை வருகிறோம், மூன்று பேரும். என் டாக்டர் உன் ஊரில் இருக்கும் இதய டாக்டரிடம் பேசிவிட்டார். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வர மாட்டேன் என்று சொல்லிப் பார், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், உனக்கு என்ன சொல்வார்களோ என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் நீ தனியாகப் படுத்து நெஞ்சைக் கேட்டது போதும். இனி சேர்ந்து பயப்படுவோம்.

போட்டி சனிக்கிழமையோடு முடிந்தது. கடைசிக்கு முந்தின இடம். எங்களுக்குக் கீழே இருந்த அணியில் ஒருவருக்குக் கையில் கட்டு.

குட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். நேற்று சடை பின்னும்போது சொல்லிவிட்டேன். மாமாவுக்குக் கையில் ஒரு சங்கடம், உன் கையைப் பிடித்தால் உடனே விட முடியாது, நீ பயந்து இழுக்கக் கூடாது, இழுத்தால் மாமாவுக்கு வலிக்கும் என்றேன்.

பாதிச் சடையோடு என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரம்மா புடிச்சுப்பாங்க?" என்றாள்.

ஏழு எண்ணும்வரை என்றேன்.

"அவ்ளோதானா? எனக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும்மா" என்றாள்.

புதன்கிழமை வண்டி நாலு மணிக்கு வந்துவிடும். பாக்கெட் இல்லாத பேன்ட் போட்டுக்கொண்டு வா.

அக்கா